சரிவை வெட்டி ஹோம்ஸ்டே கட்டலாமா? சுற்றுலா வருமானம் மலைக்கு உதவ வழி உண்டா?

கேள்வி: ஹப்புத்தளைத் தோட்டத்தவன்

வணக்கம். எங்கள் குடும்பம் லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) விட்டு வெளியேறி, 7 பேர்ச்சஸ் காணியில் கட்டித் தரப்பட்ட வீட்டில் வசிக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளைக் கட்டி, தேயிலை மலைகளுக்குள் நடந்து வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடலாம் என்பது அண்ணனின் யோசனை. அதற்குப் பின்சரிவை ஓர் ஆள் உயரத்துக்கு நேராக வெட்ட வேண்டியிருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோது எனக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து, மழை இரவில் மண் நகரும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடியே உறங்கிப் பழகியவர்கள் நாங்கள். சுற்றுலாத்துறை காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள உதவும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்களின் இரண்டு அறைகளால் இந்த மலைக்கு உண்மையில் நன்மை உண்டா, அல்லது ஆபத்தைத்தான் கூட்டிக்கொள்கிறோமா?

பதில் 1: நடைவழி வழிகாட்டி

தம்பி, முதலில் அந்த வெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெற வேண்டும். அதை வெறும் கடதாசி வேலையாக எண்ணிவிடாதீர்கள். சரிவின் அடிப்பகுதியை நேராக வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். மழைநீர் ஊறி மண் பாரமாகும்போது அது இறங்குவதற்கு நீங்களே வாசல் திறந்து வைத்தது போலாகும். எல்ல நகரப் பக்கம் விடுதிகள் எழும்பிய வேகத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: பள்ளத்தாக்குக் காட்சிக்காக விளிம்பில் கட்டிய அறைக்குத்தான் வாடகை அதிகம், அதே அறைக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில் "நன்மை உண்டு" என்பதே. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் செல்கிறது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளே; புதிதாக மலையை வெட்டத் தேவையில்லை. நடப்பவர் மெதுவாகப் போவார், வழியில் தேநீர் குடிப்பார், இரவு தங்குவார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு கான் (மழைநீர் வடிகால்) துப்புரவுக்குப் போனால் அதுவே பெரிய காலநிலைப் பாதுகாப்பு. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைத் தாழ வெட்டிய) மலையில் கான் அடைபட்டால் தண்ணீர் எங்கே பாயும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

என் வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். பக்கங்கள் நேராக உள்ள கண்ணாடிப் பாத்திரம், அதில் மூன்று நிற நாடாக்கள்: 75 மில்லிமீற்றரில் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்பு. 24 மணித்தியால மழைக்கு மண்சரிவு எச்சரிக்கைகள் ஏறும் படிகள் இவை. தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிப் பாத்திரத்தை மீண்டும் நிமிர்த்தி வைப்பேன். செம்மஞ்சளைத் தொட்டால் அன்றைய நடையை இரத்துச் செய்து, முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நட்டம்தான்.

பதில் 2: விடுதிக் கணக்காளர்

வழிகாட்டி அண்ணன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிட்டார். மறுபக்கத்தை நான் சொல்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு விடுதியில், "துவாயை மறுபடியும் பயன்படுத்திப் பூமியைக் காப்போம்" என்று ஒவ்வொரு குளியலறையிலும் அட்டை தொங்கியது. அதே விடுதி ஆழமான குழாய்க்கிணறு அடித்து நீர் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடங்களுக்குள் கீழே இருந்த லயத்துப் பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயில்) தண்ணீர் நூலாக ஒழுகத் தொடங்கியது. கிணறுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் குடத்துடன் வரிசையில் நின்ற பெண்களுக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

இன்னொன்று, 2021இல் கிளாஸ்கோ மாநாட்டின்போது வெளியிடப்பட்ட சுற்றுலாத்துறைப் பிரகடனம் 2030க்குள் உமிழ்வைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்கிறது. நல்ல இலக்குத்தான். எனினும் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வரும் ஒருவரின் பயணப் புகையை, நம் ஊரில் நடும் பத்து மரக்கன்றுகளால் ஈடுசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்மால் ஆகக்கூடியது வேறு: சூரிய வெந்நீர்க் கலன், கூரை நீரைச் சேமிக்கும் தாங்கி, கொழும்பிலிருந்து ஆளுக்கொரு வான் வண்டியில் வருபவரை ரயிலில் வரச் சொல்வது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் சேதப்படுத்தியதைப் பார்த்த பிறகு, அந்தப் பாதையைப் பேணுவதையும் நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "பின்னால் வெட்டாவிட்டால் அறைக்கு இடம் ஏது?" என்கிறார். முன் அறை ஒன்றைத் தடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகனே, ஓர் அறையோடு தொடங்குங்கள். அண்ணனிடம் நானே பேசவும் தயார். உங்களுக்காவது தனி வீடும் 7 பேர்ச்சஸும் இருக்கின்றன. காணி உறுதி கையில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இந்தப் பேச்சில் யாரும் தொடாத இடம் அதுதான். தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின, நிலம் அரசினுடையது. அதில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக லயங்களில் வாழ்பவர் தம் அறையைத் தங்குமிடமாகப் பதிவு செய்யவோ, அதை வைத்துக் கடன் பெறவோ இயலாது. அதனால் சுற்றுலாப் பணம் வீதியோரக் கட்டடக்காரரிடம் நின்றுவிடுகிறது. வெள்ளமும் மண்ணும் மட்டும் லயத்து வாசல் வரை இறங்கி வருகின்றன. பயணிகளிடம் பெறும் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிரதேச சபை தனிக் கணக்கில் வைத்து, அந்தந்தத் தோட்டத்தின் கான்களுக்கும் தடுப்புச் சுவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டவை எத்தனையோ போய்விட்டன.

வழிகாட்டித் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: அந்த மழைமானியை மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைத்திருந்தால் வெட்டவெளிக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் பாடசாலையில் கூரையடியில் வைத்து, ஒரு பருவம் முழுவதும் பிழையாக அளந்தோம்.