காக்ளியர் கருவிக்குத் தொலைவழி மேப்பிங் போதுமா, நேரில் போகத்தான் வேண்டுமா?

கேள்வி (நான்கு வயதுக் குழந்தையின் தந்தை, ராமநாதபுரம் மாவட்டம்):

என் மகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் காக்ளியர் (உட்செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டி ஒலியை உணர்த்தும் கருவி) அறுவை சிகிச்சை நடந்தது. நியூக்ளியஸ் என்ற வகைக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு மேப்பிங்குக்கும் (கருவி தரும் ஒலி அளவுகளை அவளுக்கு ஏற்பச் சரிசெய்வதற்கு) இரவு முழுவதும் ரயிலில் பயணம் செய்து, தூக்கம் கலைந்து சிணுங்கும் குழந்தையைக் காலையில் ஆடியாலஜிஸ்ட் (கேட்பியல் நிபுணர்) முன் உட்கார வைத்தால், முதல் அரைமணி நேரம் எந்த ஒலிக்கும் அவள் அசைவதில்லை. இனி மதுரையில் உள்ள ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் வெளியே அணியும் பிராசஸரை மடிக்கணினியோடு இணைத்து, சென்னையில் இருந்தபடியே மேப்பிங் செய்யலாம் என்கிறார்கள். இதை நம்பலாமா? பத்து நாட்களாக அவள் 'ஸ்' என்ற ஒலிக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் இன்னும் கவலையாக இருக்கிறது.

பதில் 1 (ஆடியாலஜிஸ்ட்):

ஐயா, மேப்பிங்குக்கு முன் மைக் மூடியை மாற்றிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த மூடியில் வியர்வையும் தூசியும் அடைத்தால், முதலில் மங்குவது 'ஸ்', 'ஷ்' போன்ற மேல்சுருதி ஒலிகள்தான்.

தொலைவழியில் உட்செவிக்குள் இருக்கும் எலக்ட்ரோடுகளின் (மின்முனைகளின்) மின்தடையை அளப்பதிலும், டி லெவல் (ஒலி மெல்லக் கேட்கத் தொடங்கும் அளவு), சி லெவல் (தொந்தரவின்றித் தாங்கக்கூடிய உச்ச அளவு) எண்களை மாற்றுவதிலும் குறைவொன்றும் இல்லை. 2017 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நியூக்ளியஸ் கருவிக்கு இம்முறையை ஏற்றபோது அடிப்படையாகக் கொண்ட ஆய்வில், ஒவ்வொரு முறைக்கும் ஒரு மாதம் கழித்து நடத்திய பேச்சுணர் சோதனையில், நேரில் செய்ததற்கும் தொலைவில் செய்ததற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அதில் பங்கேற்ற 39 பேரும் 12 வயதை எட்டியவர்கள், கருவியோடு ஓராண்டாவது பழகியவர்கள். "சத்தம் அதிகம்" என்று வாயால் சொல்லத் தெரிந்தவர்களின் முடிவை, நான்கு வயதுக் குழந்தைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

உங்கள் மகளின் சி லெவலை நான் கூட்டும்போது பார்ப்பது எண்ணை அல்ல. கண்ணிமைப்பு, கட்டையைப் பெட்டிக்குள் போடப் போன கை நடுவில் நிற்பது, அம்மாவின் புடவையைப் பிடிப்பது ஆகியவற்றையே. வீடியோ அரை நொடி தாமதித்தால்கூட எந்த ஒலிக்கு அவள் கை நகர்ந்தது என்பது குழம்பிவிடும். ஆகவே சென்னையில் இருப்பவரைவிட, மதுரையில் குழந்தையின் அருகே உட்காருபவர் யார் என்பதையே முதலில் கேளுங்கள். விளையாட்டு முறையில் ஒலிக்குப் பழக்கத் தெரிந்தவர் என்றால் நான் சம்மதிப்பேன். கம்பி இணைக்க மட்டும் தெரிந்தவர் என்றால் மாட்டேன்.

பதில் 2 (கருவி பயன்படுத்துபவர், 34 வயது):

எனக்கு மூன்று முறை தொலைவழியில் மேப்பிங் செய்தார்கள். அளவெடுக்கும் நேரத்தில் மைக் ஓய்ந்துவிடும் என்பதால் திரையில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்காது, உதட்டசைவைப் படிக்கலாம் என்றால் படம் கட்டம் கட்டமாகத் தெறிக்கும். பிறகு அவர் தட்டச்சு செய்ததைப் படித்துச் சமாளித்தேன். படிக்கத் தெரியாத குழந்தை அந்த நிமிடங்களில் தனித்துவிடும், அம்மாவை எதிரே உட்கார வையுங்கள். வெளிக்கருவியைத் தலையில் ஒட்டவைக்கும் காந்தம் பதியும் இடத்தில் தோல் சிவந்திருந்ததை எந்தக் கேமராவும் காட்டவில்லை; நேரில் போனபோதுதான் வலுக் குறைந்த காந்தம் மாற்றித் தந்தார்கள்.

கேட்டவர்:

மைக் மூடியை மாற்றினோம். இன்று காலை முதுகுக்குப் பின்னால் நின்று என் மனைவி 'ஸ்' என்றபோது திரும்பினாள், ஆனால் நான்கு முறையில் இரண்டு முறை மட்டும். மதுரையில் இருப்பவர் பேச்சுப் பயிற்சியாளர்தான். மகளுக்கு அவரைத் தெரியும். இந்தச் சூழலில் எதை முதலில் செய்வது?

பதில் 1 (மீண்டும்):

பழகிய முகம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மதுரையில் மின்தடையை அளந்து, தேவையான அளவு மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஒலித்தடுப்பு அறையில் எடுக்க வேண்டிய கேட்புச் சோதனைக்கு மட்டும் அடுத்த பள்ளி விடுமுறையில் சென்னைக்கு வாருங்கள். முதல் நாள் மாலையே வந்து தங்கினால் குழந்தை தூங்கி எழுந்து வரும். எண்களை மாற்றிய பிறகும் 'ஸ்' வராவிட்டால் விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம்.