மூச்சை வெளியே விட்டபடியே மேலேறுதல்

நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றிய காலத்தில், மூழ்கிய கப்பலிலிருந்து தப்பி மேலேறும் பயிற்சியை 30 மீட்டர் ஆழமுள்ள நீர்த்தொட்டியில் பெற்றேன். அதில் உடலுக்கு மிகக் கடினமாக இருந்தது மூச்சை அடக்குவது அல்ல, விடாமல் வெளியேற்றிக்கொண்டே இருப்பதுதான்.

தொட்டியின் அடியிலுள்ள சிறிய அறையில் அடைத்து நீரைத் திறந்துவிடுவார்கள். நீர் ஏற ஏற உள்ளிருக்கும் காற்று இறுகிச் சூடாகும். மூக்கைப் பொத்தி ஊதி ஊதிக் காதுவலியைத் தணித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆழத்தில் கதவின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 30 டன் எடை அழுத்துவதால், அறையின் அழுத்தம் வெளியழுத்தத்துக்குச் சமமாகும்வரை எவ்வளவு முயன்றாலும் அது திறக்காது. காத்திருக்கும் அந்த நேரத்தில் பதறாமல் இருக்கக் கற்பதே பயிற்சியின் பாதி என்பேன்.

கதவு திறந்ததும் மிதவை அங்கி நம்மை மேலே தூக்குகிறது. அடியில் நெஞ்சில் நிறைந்திருந்த காற்று மேற்பரப்பை அடைவதற்குள் நான்கு மடங்காக விரியும்; அதை அடக்கினால் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழ்கள் இரத்தத்தில் கலந்து மூளைவரை செல்லக்கூடும். ஆகவே உதடுகளைக் குவித்து ஊதிக்கொண்டே போனேன்; எவ்வளவு ஊதியும் நெஞ்சு காலியாகவே இல்லை. வழியில் யாராவது ஊதுவதை நிறுத்தினால், நீரிலேயே காத்திருக்கும் பயிற்றுநர் பிடித்து நிறுத்திவிடுவார். மேலே வந்த பிறகும், குமிழ் அடைப்பின் அறிகுறிகள் சில நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும் என்பதால், எங்களை நிற்க வைத்துக் கூர்ந்து கவனித்தார்கள்.

இப்படிக் காத்திருந்து கவனிப்பவர் யாருமின்றித் தப்பியவர் பிரிட்டிஷ் கடற்படை வீரர் ஜான் கேப்ஸ். 1941 டிசம்பரில் கிரேக்கத் தீவான கெஃபலோனியாவுக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கிய பிரிட்டனின் பெர்சியஸ் நீர்மூழ்கிக் கப்பலில் அவர் பயணியாக இருந்தார். காயமுற்றிருந்த மூவருக்குச் சுவாசக் கருவியை மாட்டி முதலில் வெளியேற்றிவிட்டு, அவரும் சுமார் 52 மீட்டர் ஆழத்திலிருந்து புறப்பட்டார். கருவியோடு இணைந்த மடிப்புத்துணியை விரித்துப் பிடித்துத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அந்த நிலையிலும் இதைச் செய்யத் தோன்றியதே, அந்த நெஞ்சுறுதியை எண்ணி இன்றும் வியக்கிறேன். மற்ற மூவரும் பிழைக்கவில்லை. இருட்டில் நீந்திக் கரைசேர்ந்த அவரைத் தீவு மக்கள் ஏறத்தாழ 18 மாதங்கள் மறைத்துக் காத்தார்கள். அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. அவர் 1985இல் காலமானார். 1997இல் முக்குளிப்பவர்கள் அந்தக் கப்பலைக் கண்டபோது, அவர் விவரித்தபடியே தப்பும் வழியின் கதவு திறந்திருந்தது.