புது போனில் பூச்சு உரிந்தால் ‘அழகுக் குறை’யாம், உத்தரவாதம் கிடையாதாம்!

சாட்ஸ்வொர்த்காரன்:
நேற்று “எந்த போன் வாங்கலாம்” இழையில் மிட்ராண்ட் மாதவன் உதிர்த்த முத்து இது: “வெளிப்பூச்சுக் கீறல், உரிசல் எதுவும் உத்தரவாதத்தில் வராது. இதற்காகக் கடையில் போய்ச் சண்டை பிடிக்கிறவர்கள் ஓசியில் இன்னொரு போன் கிடைக்குமா என்று பார்க்கிறவர்கள்.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கேயே பதில் எழுதினால் நிர்வாகி பூட்டிவிடுவார், அதனால் தனி இழை.

ஓசிக்கு அலைகிறவன் கதையைக் கேளுங்கள். டர்பனில் ஒரு மாலில் கருநீல அலுமினிய போன் வாங்கினேன். முழுப் பணமும் கட்டித்தான், மாதத் தவணை ஒப்பந்தம் எல்லாம் இல்லை. வாங்கின வாரமே பார்க்கிறேன், பின்பக்கம் கேமரா மேட்டின் கீழ் மூலையில் கடுகளவு வெள்ளி மின்னுகிறது. நகத்தை ஓட்டினால் பூச்சின் விளிம்பு தட்டுகிறது. கீறல் என்றால் கோடாக இருக்கும். இது செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. கடைப் பையன் போனைக் கையில்கூட வாங்கவில்லை. “அங்கிள், இது காஸ்மெட்டிக், வாரண்டியில் வராது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மாதவன் அவர்களே, இந்தத் தென்னாப்பிரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2008-ம் ஆண்டின் 68-ம் எண் சட்டம், 2011-லிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் 56-வது பிரிவைப் படியுங்கள். பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் கடைக்காரன் செலவிலேயே திருப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று சொல்ல வேண்டியது வாங்கினவன், விற்றவன் அல்ல. கம்பெனி தரும் வாரண்டித் தாள் வேறு, இது வேறு. ஓசி என்றா சொன்னீர்கள்?

மிட்ராண்ட் மாதவன்:
வணக்கம் சார். இவ்வளவு நீளமாக எழுதியதற்கு நன்றி. ஒரே ஒரு கேள்வி. கவர் எப்போது போட்டீர்கள்?

சாட்ஸ்வொர்த்காரன்:
கவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வாங்கின அன்றே போட்டேன். எல்லோரும் அப்படித்தான்.

மிட்ராண்ட் மாதவன்:
அன்றே என்றால்? கடையிலேயே போட்டார்களா, வீட்டுக்கு வந்து போட்டீர்களா? போடுவதற்கு முன்னால் அந்த மூலையைப் பார்த்தீர்களா? நல்ல பாலிகார்பனேட் கவரைக் கேமரா ஓரத்தில் அழுத்தி மாட்டினால் பூச்சு பெயரும். அது உங்கள் கைவேலை. அதற்குச் சட்டத்தின் 56 வராது, 560-ம் வராது.

வெருலம் அக்கா:
தம்பிகளா, சண்டை வேண்டாம். வலைத்தளத்தில் வாங்கியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2002-ன் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 44-வது பிரிவு: பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. என் மகளுக்கு வாங்கிய டேப்லெட்டை அப்படித்தான் திருப்பினோம்.

சாட்ஸ்வொர்த்காரன்:
அக்கா, நான் மாலில் நேராகப் போய் வாங்கினேன் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்.

வெருலம் அக்கா:
படித்தேன் தம்பி. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதினேன். எல்லா இழையும் உங்களுக்காக மட்டும் ஓடுவதில்லை.

கவுண்டருக்குப் பின்னால்:
போன் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று தலை நரைத்தவன் நான். ஆளாளுக்கு வக்கீல் ஆகிவிட்டதால் கொஞ்சம் இரும்பும் அலுமினியமும் பேசலாம்.

அந்த நிறம் பெயிண்ட் அல்ல. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மேற்பரப்பே ஆக்சைடாக மாறி நுண்துளைகளோடு வளர்கிறது. அந்தத் துளைகளில் சாயம் ஏற்றி மூடுகிறார்கள். இதற்குப் பெயர் அனோடைசிங். தட்டையான இடத்தில் அசைக்க முடியாது, கெட்டியான படலம். ஆனால் அது பரப்புக்குச் செங்குத்தாக வளர்வது. கூரான மூலை வந்தால் இரண்டு பக்கத்துப் படலமும் விலகி நடுவில் வலுவில்லாமல் போய்விடும். அதனால்தான் மூலையிலும் ஓரத்திலும் செதில் பெயர்கிறது, நடு முதுகில் பெயர்வதில்லை. அடர் நிறமாக இருந்தால் கீழே உள்ள வெள்ளி பளிச்சென்று தெரியும். வெள்ளி நிற போனிலும் இதே வேலை நடக்கும், யாரும் பார்ப்பதில்லை, யாரும் இழை போடுவதில்லை.

இது புதுக் கதையும் அல்ல. 2012-ல் கறுப்பு ஐபோன் 5 வந்தபோது பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஓரம் பெயர்ந்திருந்ததாக உலகம் முழுக்கப் புகார். அலுமினியப் பொருள் புழங்கப் புழங்கக் கீறும், வெள்ளி தெரியும், அது இயல்புதான் என்று ஆப்பிளின் அப்போதைய மார்க்கெட்டிங் தலைவர் ஃபில் ஷில்லர் பதில் அனுப்பினார். அடுத்த வருடம் 5எஸ் வந்தபோது அந்தக் கறுப்பு போய்ச் சாம்பல் வந்துவிட்டது. 2016-ல் ஐபோன் 7-ன் பளபளக் கறுப்புக்கு, நுண்கீறல் விழும், கவலையாக இருந்தால் கவர் போடுங்கள் என்று அவர்களே அடிக்குறிப்பு எழுதினார்கள். 2025-ல் 17 ப்ரோ மறுபடி அலுமினியத்துக்கு வந்தது, மறுபடி கேமரா மேட்டின் ஓரம், மறுபடி அதே கூச்சல். ஆக, மூலையில் வெள்ளி தெரிந்தால் தொழிற்சாலையிலிருந்தும் வந்திருக்கலாம், உங்கள் பையிலிருந்த சாவியாலும் வந்திருக்கலாம். பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

மிட்ராண்ட் மாதவன்:
நன்றி அண்ணே. நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். கவர் எப்போது போட்டார் என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கவுண்டருக்குப் பின்னால்:
நான் எங்கே ஐயா கவர் என்று சொன்னேன்? சாவி என்று சொன்னேன்.

சாட்ஸ்வொர்த்காரன்:
என் சாவி காரோடு கிடக்கிறது. போன் சட்டைப்பையில். இரண்டும் சந்தித்ததே இல்லை. இதையும் சத்தியம் செய்து கொடுக்கட்டுமா?

அப்புறம் மாதவன், கவர் போட்டால் பொருளையே மாற்றியமைத்ததாக ஆகிவிடுமா? அந்தக் கவரை அதே கடையில், அதே பில்லில், அந்தப் பையன் கையாலேயே விற்றார்கள். “போடாமல் எடுத்துப் போகாதீர்கள் அங்கிள்” என்றான். போட்டால் என் குற்றம், போடாவிட்டால் கவனமில்லாதவன். நல்ல நியாயம்.

மிட்ராண்ட் மாதவன்:
இப்போதுதான் புதுத் தகவல் வருகிறது. அப்படியானால் கடையிலேயே மாட்டினார்களா? முதலில் “வாங்கின அன்றே” என்று பட்டும் படாமலும் சொன்னீர்கள்.

சாட்ஸ்வொர்த்காரன்:
விற்றான் என்றேன், மாட்டினான் என்று சொல்லவில்லை. தமிழ் தெரியும்தானே?

மிட்ராண்ட் மாதவன்:
தமிழ் மதுரையில் பிறந்தபோதே வந்துவிட்டது சார், வகுப்புக்குப் போய்ப் படிக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் இந்த மாதிரி மூலையோடு ஒருவன் போனை விற்கட்டும் பார்ப்போம். பெட்டியைத் திறந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் பணத்தை எடுப்போம். இங்கே மாலுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே கார்டைத் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டம் படிப்பது.

கரும்புக்காட்டான்:
ஆரம்பித்துவிட்டார்கள். யாராவது “எங்கள் பாட்டன் 1860-ல் கரும்புத் தோட்டக் கூலிகளை இந்தியாவிலிருந்து இங்கே ஏற்றிவந்த முதல் கப்பல் ட்ரூரோவில் வந்தார்” என்று எழுத எவ்வளவு நேரமாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்காரன்:
வகுப்புக்குப் போய்த்தான் படித்தேன், கோயில் வகுப்பில், சனிக்கிழமை பந்தாட்டத்தை விட்டுவிட்டு. வீட்டில் பேச ஆளில்லாமல் ஐந்து தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த தமிழ். மதுரையில் சும்மா கிடைத்ததை இங்கே வந்து அளக்க வேண்டாம். ஆமாம், எங்கள் பாட்டன் 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோவில்தான் வந்தார். அதற்கென்ன?

கரும்புக்காட்டான்:
அந்தக் கப்பலில் வந்தவர்களே 342 பேர். இந்தக் குழுவில் மட்டும் எல்லோருக்கும் பாட்டன் அதில்தான் ஏறியிருக்கிறார். நடு மாடியில் எங்கே நின்றார்களோ. எங்கள் பாட்டன் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில் வந்தார், பெயர் தெரியாது, டோங்காட்டில் கரும்பு வெட்டினார்.

கவுண்டருக்குப் பின்னால்:
கப்பலை விடுங்கள். போனுக்கு வருவோம். மாதவன் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது: கவுண்டரிலேயே பார்த்திருக்க வேண்டும். பெட்டியைக் கடையில் திறக்கச் சொல்லுங்கள். ஒட்டுத்தாளைப் பிரித்ததும் நான்கு மூலை, சார்ஜர் துளை, பொத்தான்களைச் சுற்றி, கேமரா மேடு, இவ்வளவையும் படம் எடுங்கள். எதுவும் இருந்தால் அங்கேயே பில்லில் எழுதி வாங்குங்கள். எங்கள் காலத்தில் நானே வாடிக்கையாளரைப் பார்க்கச் சொல்வேன். கதவைத் தாண்டிவிட்டால் யார் தட்டினது, யார் கீறினது என்று யாருக்குத் தெரியும்? தினமும் யாராவது வருவார்கள், கீழே போட்டுவிட்டு, “எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது” என்று கண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். செதில் பெயர்ந்ததா, தட்டுப் பட்டதா என்று பத்துமடங்கு லென்ஸில் பார்த்தால் தெரியும். தட்டுப் பட்டால் கீழே உலோகமே அமுங்கியிருக்கும். சும்மா பெயர்ந்தால் உலோகம் சமமாக இருக்கும்.

வெருலம் அக்கா:
அண்ணா, கவுண்டரில் பார்த்திருக்க வேண்டும் என்பது சட்டப்படி தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 55-வது பிரிவின் 5-ம் உட்பிரிவு: குறை வெளியே தெரிகிறதா, உள்ளே மறைந்திருக்கிறதா, வாங்கும் முன்னால் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பதெல்லாம் பொருட்டே அல்ல. குறையைச் சொல்லி, நாம் ஒப்புக்கொண்டு வாங்கினால்தான் கதை வேறு. நியாயமாக எதிர்பார்க்கும் தரத்தைவிட எந்த அளவுக்குக் குறைந்தால் அது குறை என்று 53-வது பிரிவு விளக்குகிறது. உண்மையில் பேச வேண்டியது அதைத்தான்.

மிட்ராண்ட் மாதவன்:
பேசலாம் அக்கா. ஆனால் கவர் போட்ட பிறகு வந்தது என்றால் அந்தப் பிரிவு எதற்கு?

சாட்ஸ்வொர்த்காரன்:
கவர் போட்ட பிறகு வந்தது என்று யார் சொன்னது?

மிட்ராண்ட் மாதவன்:
போடும் முன்னால் இருந்தது என்றும் நீங்கள் சொல்லவில்லையே.

கவுண்டருக்குப் பின்னால்:
அக்கா, சட்டம் பேசுகிறீர்கள், சரி. நான் கவுண்டரில் நின்றவன். பிரிவு எண் சொல்லிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மேனேஜர் ஒரே வரி சொல்வார்: “சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி ரிப்போர்ட் வரட்டும்.” போன் போகும், வாரக்கணக்கில் காத்திருப்பீர்கள், “பயன்படுத்தியவரால் ஏற்பட்டது” என்று ரிப்போர்ட் வரும். அதனால் போனைக் கொடுக்கும்போதே மூலையை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அந்தப் படத்தில் அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். குறையை எழுத்தில் கொடுங்கள், வாயால் பேசாதீர்கள். மறுத்தால் நுகர்பொருள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நமக்குச் செலவில்லை. கடையிடம் முதலில் எழுதிக் கேட்ட கடிதம் மட்டும் கையில் இருக்க வேண்டும். சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றமும் இருக்கிறது, வக்கீல் கூடாது, நீங்களே பேச வேண்டும். ஆனால் கடுகளவு வெள்ளிக்கு அங்கே போய் நிற்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று. ஆப்பிளின் வாரண்டித் தாளில் கீறல், நசுங்கல் விலக்கு என்று போட்டிருப்பது உண்மை. அதே வரியில், பொருளிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறையால் வந்ததாக இருந்தால் விலக்கு இல்லை என்றும் இருக்கிறது. மாதவன் பாதி வரியைப் படித்துவிட்டு முத்து உதிர்த்திருக்கிறார்.

மிட்ராண்ட் மாதவன்:
முழு வரியும் தெரியும் அண்ணே. குறையால் வந்ததா, கவரால் வந்ததா என்பதைத்தானே ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன்! நீங்கள் கடையை விட்டு வந்த பிறகும் விற்பனைப் பேச்சை விடவில்லை.

கவுண்டருக்குப் பின்னால்:
விற்பனைப் பேச்சா? நீங்கள் ஆயுசில் ஒரு போனைக் கழற்றியிருக்கிறீர்களா? கம்ப்யூட்டர் முன்னால் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அனோடைசிங் பற்றி என்ன தெரியும்? நான் எழுதியது முழுவதையும் இன்னொரு தரம் படியுங்கள். கூரான மூலையில் படலம் விலகும், அது வார்ப்பு வடிவத்திலேயே வந்த பலவீனம். கவர் இல்லாமலும் பெயரும், கவர் இருந்தாலும் பெயரும்.

சாட்ஸ்வொர்த்காரன்:
இதைத்தான் நான் சொல்கிறேன். வடிவத்திலேயே பலவீனம் என்றால் விற்றவன் பொறுப்பு. முடிந்தது.

கவுண்டருக்குப் பின்னால்:
முடியவில்லை தம்பி. பலவீனம் இருப்பது வேறு, அது குறையா என்பது வேறு. அக்கா சொன்ன 53 அங்கேதான் வரும்.

சாட்ஸ்வொர்த்காரன்:
நீங்கள் எந்தப் பக்கம் அண்ணே?

கவுண்டருக்குப் பின்னால்:
அலுமினியத்தின் பக்கம்.

சாட்ஸ்வொர்த்காரன்:
சரி, எல்லோரும் கவரைப் பற்றியே பேசுவதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தத் தளத்தின் விற்பனைப் பகுதியில் போன வருடம் “பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி, ஒரு கீறல் இல்லை” என்று விளம்பரம் போட்டு எனக்கு ஒரு பழைய போன் விற்றவர் யார்? கவரைக் கழற்றினால் இடது ஓரம் முழுக்கச் சொட்டை. அதே மாதவன்தான். “அது அழகு சம்பந்தப்பட்டது, போன் நன்றாக ஓடுகிறதே” என்றார். கொள்கை எங்கிருந்து பிறந்தது என்று இப்போது புரிகிறதா?

மிட்ராண்ட் மாதவன்:
படத்தில் அந்த ஓரம் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்காதது யார் தவறு? அந்த போனைக் கூரியரில் அனுப்பிய செலவில் பாதி தருகிறேன் என்றீர்கள். இன்னும் வரவில்லை. அதை முதலில் அனுப்புங்கள், பிறகு 56-வது பிரிவு பேசலாம்.

வெருலம் அக்கா:
தனியாள் விற்பதற்கு அந்தச் சட்டம் வராது. தொழிலாகச் செய்தால்தான்.

மிட்ராண்ட் மாதவன்:
கேட்டீர்களா சார்?

சாட்ஸ்வொர்த்காரன்:
கேட்டேன். சொட்டைக்குப் பாதிப் பணத்தைக் கழித்துக்கொண்டுதான் கூரியர் கணக்கு. எனக்கு நீங்கள்தான் தர வேண்டும்.

கவுண்டருக்குப் பின்னால்:
கூரியர் என்றதும் ஒன்று சொல்கிறேன். பழைய போனை அனுப்பும்போது பெட்டிக்குள் அசையாமல் கட்ட வேண்டும், மதிப்பை எழுதிக் காப்பீடு போட வேண்டும். பலர் குமிழ்த் தாளை ஒரு சுற்று சுற்றிவிட்டு...

கரும்புக்காட்டான்:
அண்ணே, தனி இழை போடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.