‘எங்க வயசுப் பிள்ளைங்க கதைதானே’ என்கிறாள் மகள். என்ன பதில் சொல்வது?

ஈசூன் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், வயது 14. வகுப்பில் பல பேர் ‘யூஃபோரியா’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்துவிட்டார்களாம். இவளும் ஒரு தோழி வீட்டில், அந்த வீட்டின் இணைய ஒளிபரப்புச் சேவைக் கணக்கில், சில பகுதிகளைப் பார்த்திருக்கிறாள். ஒளிக்கவில்லை, அவளாகவே சொன்னாள். “அம்மா, அது எங்க வயசுப் பிள்ளைங்க கதைதானே, நாங்க ஏன் பார்க்கக் கூடாது?” என்று கேட்கிறாள்.

மாமியார் தூங்கிய பிறகு முதல் பகுதியை நானும் பார்த்தேன். போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பும் 17 வயதுப் பெண், வந்த கையோடு மறுபடி போதை தேடிப் போகிறாள். இன்னொரு பள்ளிப் பிள்ளையை நடுத்தர வயது ஆள் ஒருவர் விடுதி அறையில் சந்திக்கிறார். அந்தக் காட்சியை அவ்வளவு அப்பட்டமாகக் காட்ட வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குப் புரியவே இல்லை.

போதை, வன்முறை எல்லாம் உலகத்தில் இல்லாததில்லை. என் வயிற்றைக் கலக்குவது வேறு. எல்லாமே அழகாக இருக்கிறது. அந்த வெளிச்சம், அந்தப் பாட்டு, கண்ணைச் சுற்றி மினுமினுக்கும் ஒப்பனை. சீரழிந்துகொண்டிருக்கும் பிள்ளைகூட விளம்பரத்தில் வருபவள் போல இருக்கிறாள். என் மகள் இப்போது கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடிவிட்டது. “பதினேழு வயசுல அவங்க அப்படி இருக்காங்க, நான் மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டாள். 2019இல் தொடர் தொடங்கியபோது 17 வயதுக்காரியாக நடித்த செண்டேயாவுக்கு 22 வயது என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

வீட்டுக்காரர் கைப்பேசியை வாங்கி வை என்கிறார். இங்கே சிங்கப்பூரில் சாதாரணத் தொலைக்காட்சியில், 13 வயதிலிருந்து ஏற்றது என்ற பிஜி13 நிகழ்ச்சியே இரவு 10 மணிக்கு மேல்தான் வரும். கைப்பேசிக்கு அப்படி நேரம் காலம் எதுவும் கிடையாது. எனக்கு வாரத்தில் பாதி நாள் மாலை வேலை, வீடு வர ஒன்பதரை ஆகிவிடும். தடுத்துவிடுவதா, கூட உட்கார்ந்து பார்ப்பதா? கூட உட்கார்ந்தால் எங்கள் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருக்கும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொங்கோல் அப்பா:

தடுத்துவிடுங்கள் சகோதரி. 14 வயதில் இதில் விவாதத்துக்கு இடமில்லை. அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்ற டிவி-எம்ஏ முத்திரையோடு வந்த தொடர் அது.

பெரும்பாலான சேவைகளில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு போட்டு, பிஜி13க்கு மேல் வராமல் வைக்கலாம். உங்கள் கணக்குக்குக் கடவு எண் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே தட்டில் அதற்குள் போய்விடுவார்கள். 21 வயதானவர்களுக்கு மட்டுமான ஆர்21 நிகழ்ச்சிகளைச் சேவைகளே பூட்டி வைக்க வேண்டும் என்பது ஊடகங்களை மேற்பார்வையிடும் ஐஎம்டிஏ அமைப்பின் விதி, ஆனால் எம்18, என்சி16 எல்லாம் நாமே பார்த்துப் பூட்ட வேண்டியவை. பள்ளி மூலம் வாங்கிய மடிக்கணினி போன்ற கற்றல் கருவியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு என்ன கட்டுப்பாடு என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க முடியும். அந்தப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய.

அப்புறம் அந்தத் தோழியின் அம்மாவிடம் பேசுங்கள். வழி திறந்தது அங்கேதான்.

ஜூரோங் தங்கச்சி:

அக்கா, நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். 2022 ஜனவரியில் இரண்டாம் பருவம் வந்தபோது நான் உயர்நிலை நான்கு. திங்கட்கிழமை ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே பேச்சுதான். என் வீட்டில் அதற்குத் தடை, ஆனாலும் ஒரு காட்சி விடாமல் எனக்குத் தெரியும். டிக்டாக்கில் துண்டு துண்டாக வரும்.

அண்ணன் சொன்ன பூட்டு எல்லாம் தேவைதான். ஆனால் அந்தத் துண்டுகள் பூட்டுக்கு வெளியே இருக்கின்றன, முழுத் தொடரைவிட அவைதான் மோசம். விருந்து, ஒப்பனை, முத்தம் எல்லாம் பாட்டோடு வெட்டி வரும். அந்தப் பருவத்தின் ஐந்தாம் பகுதியில் ரூ, அதாவது செண்டேயா நடிக்கும் அந்தப் பெண், போதை கிடைக்காமல் அம்மாவிடம் கத்தி, கதவை உடைத்து, ஊரெல்லாம் ஓடித் திரிவாள். அதை யாரும் பாட்டுப் போட்டு அனுப்பவில்லை. விளைவை வெட்டிவிட்டு மினுமினுப்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்தால் அவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

உங்கள் மகளின் கேள்விக்கு என் பதில் இது: கதை உங்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றியது, ஆனால் உங்களுக்காக எடுத்ததில்லை. அம்மா சொன்னால் காதில் ஏறாது, அதனால் நடித்தவர்கள் சொன்னதைச் சொல்லுங்கள். இது முதிர்ச்சியடைந்த பார்வையாளர்களுக்கானது, மனத்தைப் பாதிக்கும் என்று பட்டால் பார்க்காதீர்கள் என்று செண்டேயாவே பருவம் தொடங்கும்போது எழுதினார். அதில் நடித்த இன்னொரு நடிகை சிட்னி ஸ்வீனி, தன் நிர்வாணக் காட்சிகளில் சில தேவையில்லை என்று இயக்குநர் சாம் லெவின்சனிடம் சொன்னதாகவும் அவர் ஒத்துக்கொண்டதாகவும் பேட்டி கொடுத்தார். வேண்டாம் என்றதும் நீக்க முடிந்தது என்றால், அந்தக் காட்சி இல்லாமலும் கதை நிற்கும் என்றுதானே அர்த்தம்? எனக்கு அதைப் படித்த பிறகுதான் தொடரையே வேறு கண்ணால் பார்க்கத் தெரிந்தது.

கூட உட்கார்ந்து பார்க்க வேண்டாம் அக்கா. என் அம்மா அப்படி உட்கார்ந்திருந்தால் நான் திரையைப் பார்த்திருக்க மாட்டேன், அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இளையர் மன்றத் தொண்டூழியர்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அந்தத் தொடரில் அந்தரங்கப் படங்களை அனுப்பிக்கொள்வது இந்தத் தலைமுறையில் சகஜம் என்பது போல ஒரு பேச்சு வரும். 14 வயதுப் பிள்ளை அதை நம்பிவிடக் கூடாது. இங்கே 2020 ஜனவரியிலிருந்து, 16 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதே தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம், அனுப்பினால் இன்னும் கடுமை. போதையும் தூரத்தில் இல்லை. மின்சிகரெட்டில் கலந்து விற்கப்பட்ட எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை 2025 செப்டம்பர் 1 முதல் சி பிரிவுப் போதைப்பொருளாக அறிவிக்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை. “உன் வகுப்பில் யாராவது உன்னிடம் படம் கேட்டிருக்கிறார்களா?” என்று ஒரு தடவை நேராகக் கேளுங்கள். பிள்ளைகள் பேசுவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வி போதும்.

ஈசூன் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. கணக்கையும் கடவு எண்ணையும் இன்றே மாற்றிவிட்டேன். தோழியின் அம்மாவைச் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். நல்ல மனுஷி, பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

படம் கேட்டார்களா என்று மகளிடம் கேட்டேன். “என்கிட்ட இல்ல” என்றாள். அப்படியானால் யாரிடமோ கேட்டிருக்கிறார்கள். யார் என்று துருவவில்லை, அந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இரவு அவளாகவே என் அறைக்கு வந்து முழுக் கதையும் சொன்னாள். நடிகைகள் சொன்னதை நானும் சொன்னேன், நன்றாகக் காது கொடுத்துக் கேட்டாள்.

தங்கச்சி, இன்னும் ஒரு கேள்வி. அந்த ஐந்தாம் பகுதியை மட்டும் காட்டலாமா?

ஜூரோங் தங்கச்சி:

வேண்டாம் அக்கா. அதிலும் 14 வயது தாங்காத காட்சிகள் உண்டு. அதில் என்ன நடக்கிறது என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். படம் கேட்கப்பட்ட அந்தப் பிள்ளையின் விஷயத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பள்ளி ஆலோசகரிடம் போக அந்தப் பிள்ளைக்கு உங்கள் மகள் துணையாக இருப்பாளா என்று நாளைக்கே கேளுங்கள்.