ஆழியாறு - வால்பாறை ஏற்றம்: சைக்கிளில் போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கல்யாணமான புதிதில் குடியிருந்த வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டையும் சோலையார் அணைக்கரையையும் பார்த்துவர, ஜனவரியில் நானும் மனைவியும் திருச்சியிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறோம். ஆளுக்கு 12 கிலோ சுமை.

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் 34. சுமையோடு இது போதுமா, முன்னால் 30 போடணுமா?

இறக்கம்தான் பெரிய கவலை. ரிம் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி, காற்றழுத்தம் கூடி டியூப் வெடித்துவிடும். அதனால் விட்டுவிட்டுப் பிடித்து, நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிற்பதாக இருக்கிறோம். பிரேக் கட்டையில் மினுமினுவென்று அலுமினியத் துணுக்கு குத்தி நிற்கும். ஊசியால் நெம்பி எடுக்காவிட்டால் ரிம்மை அரித்துவிடும். மலைக்கு எந்தக் கட்டை நன்றாக உழைக்கிறது? ஈர ரோட்டில் பிடிக்குமா?

முக்கியமாக, கேரள எல்லையில் உள்ள மளுக்கப்பாறை செக்போஸ்டில் சைக்கிளை விடுகிறார்களா? விட்டால் அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடியில் இறங்குவோம். யானை நடமாட்டம் உள்ள காட்டுவழி, வெளிச்சம் இருக்கும்போதே கடந்தாக வேண்டும். வால்பாறையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்? சமீபத்தில் போனவர்கள் அவசியம் எழுதுங்கள்.