3 மி.மீ எழுத்துல 'ண' சுழி எல்லாம் அடைஞ்சு கரியா நிக்குது, டயோடு லேசர் ஓட்டுறவங்க யாராச்சும் சொல்லுங்க

கீசெயின்_கடை:
வணக்கம் நண்பர்களே, மரத்துல எழுத்தை எரிச்சுப் பொறிக்கிற 10 வாட் டயோடு லேசர் மெஷின், லைட்பர்ன் சாஃப்ட்வேர்ல ஓட்டுறேன். கல்யாண ரிட்டர்ன் கிஃப்டுக்கு 200 கீசெயின் ஆர்டர், பிர்ச் ப்ளைவுட்ல 3 மி.மீ உயரத்துல பேரு. 'கண்ணன்'னு அடிச்சா சுழி எல்லாம் அடைஞ்சு கருப்புப் பொட்டா நிக்குது, மேல இருக்குற புள்ளி எழுத்தோட ஒட்டிக்குது, ஓரம் வேற ரம்பப்பல்லு மாதிரி. ஸ்பீடு நிமிஷத்துக்கு 6000 மி.மீ, பவர் 60%, இன்டர்வல் (ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி) 0.05 மி.மீ. நெருக்கமா வெச்சா டீடெயில் நல்லா வரும்னுதான் அப்படி வெச்சேன். 100 மி.மீ கோடு போட்டா 99.3 தான் வந்துச்சு, அதனால ஸ்டெப்ஸையும் (ஹெட் 1 மி.மீ நகர மோட்டார் வைக்கிற அடி) 80-ல இருந்து 80.6 ஆக்கிட்டேன்.

பெல்ட்_அண்ணாச்சி:
தம்பி, முதல்ல அந்த 80.6-ஐ பழையபடி 80 ஆக்குங்க. 20 பல் புல்லி, 2 மி.மீ பிட்ச் பெல்ட், ஒரு சுத்துக்கு 40 மி.மீ, மோட்டாருக்கு சுத்துக்கு 3200 மைக்ரோஸ்டெப் (சின்ன அடி), வகுத்தா 80, அம்புட்டுதான் கணக்கு. கோடு குறையுதுன்னா பெல்ட்டுதான் தொளதொளன்னு கிடக்கும், அதை விட்டுட்டு நம்பரை மாத்துனா நோய் ஒரு பக்கம் மருந்து ஒரு பக்கம். கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டு லேசர் ஹெட்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, டக்குடக்குனு ஆடுனா வீல்ல இருக்குற எக்சென்ட்ரிக் நட்டை (திருப்புனா வீல் தண்டவாளத்தோட நெருங்குற நட்டு) திருப்பி இறுக்குங்க, ரொம்ப இறுக்கிடாதீங்க.

மரத்தூள்:
10 வாட் டயோடுக்கு ஸ்பாட்டே (லேசர் விழுற பொட்டு) சுமாரா 0.08க்கு 0.1 மி.மீ, அதுவும் வட்டம் இல்ல செவ்வகம். அதுல 0.05 இன்டர்வல் வெச்சா எரிஞ்ச இடமே திரும்பத் திரும்ப எரியும், சுழி அடையாம என்ன செய்யும்? 0.08 வெச்சு பவரைக் குறைங்க, ஸ்கேன் ஆங்கிள் (கோடு ஓடுற திசை) 0, 90 டிகிரி ரெண்டும் போட்டுப் பாருங்க, ஒண்ணு கண்டிப்பா கூர்மையா வரும். ஃபோகஸுக்கு மெஷினோட வந்த கட்டையை நம்பாதீங்க. ஒரு பலகையை ஒரு பக்கம் தூக்கி சாய்ச்சு வெச்சு மேல இருந்து கீழ நீளமா ஒரே கோடு போடுங்க, எந்த இடத்துல மெலிசா இருக்கோ அந்த உயரம்தான் உங்க ஃபோகஸ். அப்புறம் எழுத்தோட அவுட்லைனை 0.04 மி.மீ உள்பக்கமா ஆஃப்செட் பண்ணிடுங்க (உள்ள தள்ளிடுங்க), எரியுறதுல ஓரம் எப்படியும் அந்த அளவு விரியும்.

ராத்திரி_ஷிப்ட்:
ரம்பப்பல்லுக்கு: போகும்போதும் வரும்போதும் எரிக்கிற பை-டைரக்‌ஷனலை ஆஃப் பண்ணி ஒண்ணு அடிங்க. சுத்தமா வந்தா போற கோடும் வர்ற கோடும் விலகுதுன்னு அர்த்தம். பெல்ட் இறுக்கியும் போகலேன்னா லைட்பர்ன்ல இந்த விலகலைச் சரிபண்ற ஸ்கேனிங் ஆஃப்செட் டேபிள்ல அந்த ஸ்பீடுக்கு விலகுன தூரத்துல பாதியைப் போடுங்க. ஸ்பீடு கூடக்கூட விலகலும் கூடும், சின்ன எழுத்துக்கு 6000 எதுக்கு, 2500 போதும்.

கீசெயின்_கடை:
அண்ணாச்சி சொன்ன மாதிரி எக்ஸ் பெல்ட்டுதான் (இடம் வலமா ஓட்டுறது), விரலால சுண்டுனா தொட்டில் மாதிரி ஆடுச்சு. இறுக்கிட்டு 80-ல போட்டா கோடு 99.9. சாய்ச்ச பலகையில பாத்தா ஃபோகஸும் 1.5 மி.மீ தள்ளி இருந்துச்சு, லென்ஸ் மூடி கண்ணாடியில புகைக்கரி அப்பிக் கிடந்துச்சு, துடைச்சதும் 60 பவருக்கு வந்த கருப்பு 35-லயே வருது. 'கண்ணன்' சுழி இப்ப தெளிவா திறந்திருக்கு. 'கிருஷ்ணமூர்த்தி' மட்டும் 'ஷ்'ல லேசா அடையுது, அந்தப் பேரை சத்தமில்லாம 3.5 மி.மீ ஆக்கிட்டேன்.