ஓபன்பிஎஸ்டியில் எம்மேப்: எழுதியது ரீட் அழைப்புக்குத் தெரியவில்லை

லினக்ஸில் ஒழுங்காக ஓடும் ஒரு சி நிரலை ஓபன்பிஎஸ்டி 7.5 இயங்குதளத்துக்கு மாற்றும் வேலையில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். கணினி ஏஎம்டி64 (64-பிட் செயலி வகை).

12,288 பைட் கோப்பு ஒன்றை, அதாவது சரியாக மூன்று நினைவகப் பக்கங்களை, மேப்_ஷேர்டு கொடியுடன் (மாற்றங்களைப் பிற ப்ராசஸ்களோடு பகிரும் தேர்வு) எம்மேப் செய்கிறேன், அதாவது கோப்பை நினைவகத்தோடு இணைக்கிறேன். ஒரு ப்ராசஸ் அந்த நினைவகத்தில் எழுதுகிறது. இன்னொன்று அதே கோப்பை ரீட் மூலம் படிக்கிறது. படிக்கும் பக்கத்துக்குக் கிடைப்பதெல்லாம் பழைய பைட்டுகள். பிழை எண் வருவதில்லை, நிரல் விழுவதுமில்லை. விழுந்தாலாவது பிடி கிடைக்கும்.

எழுதியவுடன், நினைவக மாற்றங்களைக் கோப்பில் சேர்க்கும் எம்சிங்க்கை எம்எஸ்_சிங்க் கொடியுடன் (எழுதி முடியும்வரை காத்திருக்கும் தேர்வு) அழைத்தால் சரியாகிவிடுகிறது. காரணமும் ஓரளவு புரிகிறது: லினக்ஸில் இரு வழிகளும் ஒரே பக்கத் தேக்ககத்தை (கோப்பின் பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) பகிர்கின்றன, இங்கே ரீட், ரைட் பயன்படுத்தும் இடையகம் வேறு, மேப் செய்த பக்கங்கள் வேறு. ஆனால் ஊகத்தை நம்பி நிரலின் நடுவே எம்சிங்க்கைத் தூவிக்கொண்டே போக மனம் வரவில்லை.

எம்மேப், எம்சிங்க் இரண்டின் கையேட்டுப் பக்கங்களையும் படித்துவிட்டேன். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை, ஒத்திசைவு நிரலின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கெர்னல் மூலத்தில், நினைவகத்தை நிர்வகிக்கும் யுவிஎம் அடைவுக்குள்ளும் நுழைந்தேன். எம்மேப் கோப்பைத் தாண்டியதும் வழி தவறிவிட்டது.

மேப் வழியாக எழுதிய பிறகும், ரைட் முடிந்து மேப் வழியாகப் படிப்பதற்கு முன்பும், எம்சிங்க்கை எந்தக் கொடியுடன் அழைக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் ஆவணமோ மூலக் குறிப்போ எங்கே இருக்கிறது?